பார்க்காமல் போட்ட டிக்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வீடு, மனை விற்றுக் கொடுக்கும் தரகர்களுக்கும், வீட்டுக்கடன் வாங்கித் தரும் முகவர்களுக்கும் உரிமம் கொடுப்பதும், அவர்கள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று கண்காணிப்பதும் அந்த வாரியத்தின் வேலை. ஆய்வாளர்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேர் வந்தால் தரகர்கள் காபி சொல்வார்கள். இவள் வந்தால் தாங்களே தண்ணீர் குடிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு கடன் முகவர் யாருடைய சம்பளச் சீட்டிலோ ஒரு மூன்றை எட்டாக்கி வைத்திருந்ததை, மையின் நிறத்தை வைத்தே பிடித்தவள். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வரை இருந்தது.

அன்று துணை இயக்குநர் ஒரு புகாரைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்கதானே இந்தத் தரகர் ஆபீஸைப் பாத்தீங்க? உங்களுக்குத்தான் ஆளைத் தெரியும். நீங்களே விசாரிச்சிடுங்க."

ஆய்வு செய்தவரே விசாரிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஆள் பற்றாக்குறை. அந்த விதியை அங்கே யாரும் தூசி தட்டி எடுப்பதில்லை. அவள் சரியென்று தலையாட்டினாள். புகாரைப் படித்தாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் எழுதியிருந்தார். தன் வீட்டைத் தரகர் அடிமட்ட விலைக்கு விற்றுக் கொடுத்தார், வாங்கியவர் அந்தத் தரகரின் மைத்துனர் என்று இப்போதுதான் தெரிந்தது, நாலே மாதத்தில் அதை ஒன்றரை மடங்குக்குக் கைமாற்றிவிட்டார்கள். நான்கே வரி. கடைசியில், 'தவறிருந்தால் மன்னிக்கவும்' என்று வேறு இருந்தது.

அவள் தன் பழைய ஆய்வறிக்கையை எடுத்தாள். அன்று தேர்ந்தெடுத்த இருபது கோப்புகளின் பட்டியலில் பதினான்காவது, டிரைவரின் வீடு. நேரே ஒரு டிக். 'பார்வையிடப்பட்டது. குறை இல்லை.' அவள் கையெழுத்துத்தான்.

அறிக்கையை மேசையில் கவிழ்த்து வைத்தாள். ஏனென்றால் அவள் அன்று திறந்து பார்த்தது பன்னிரண்டு கோப்புகளைத்தான்.

அந்த நாள் நன்றாகவே நினைவிலிருந்தது. தரகர் பூப்போலப் பேசுகிறவர். பன்னிரண்டு கோப்பும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தன. மணி நாலு. வீட்டில் சமையலறையைப் புதுப்பிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. கணவன் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டான். "அஞ்சு மணிக்கு டைல்ஸ் கடையைச் சாத்திடுவாங்க, வர்றியா இல்லையா?" மீதி எட்டும் இப்படித்தானே இருக்கும் என்று வரிசையாக எட்டு டிக் போட்டுவிட்டு எழுந்தாள். உடம்பு சரியில்லை, குழந்தைக்கு ஆபத்து என்று எதுவும் கிடையாது. டைல்ஸ். இளம்பச்சை, ஓரத்தில் கொடி போட்டது.

பதினான்காம் கோப்பின் நகலை வாரியம் தரகரிடமிருந்து வரவழைத்துப் புகாரோடு இணைத்திருந்தது. வாங்குகிறவர் தரகருக்குச் சொந்தம் என்றால் அதை மஞ்சள் படிவத்தில் எழுதி, விற்கிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மஞ்சள் படிவம் வெறுமையாக இருந்தது. அடுத்த தாளில் வாங்குபவரின் முகவரி: தரகரின் அலுவலகத்துக்கு நேர் மேல்மாடி. அவள் அன்று உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மேலே. பத்திரப் பதிவுக்கு அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது. திறந்திருந்தால் அரை நிமிஷத்தில் கண்ணில் பட்டிருக்கும். ஒரு கடிதத்தில் விற்பனையை நிறுத்தியிருப்பாள்.

அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வாக்குமூலம் வாங்க டிரைவரின் வீட்டுக்குப் போனாள்.

தரைத்தளத்தில் இரண்டு அறை, வாடகை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்க் குழாய்கள். டிரைவர் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, மேலதிகாரி முன்னால் நிற்பவர் போல நின்றார். அவர் மனைவி இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனவர். கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"மாடி வீடு மேடம் எங்களுது. இவளால படியேற முடியல. அதை வித்துட்டுக் கீழ்வீடா ஒண்ணு வாங்கிக்கலாம்னு நெனச்சோம். தெருவுல சாக்கடைப் பிரச்சினை வரப்போவுது, வெல இன்னும் விழும், வந்த ஆளை விட்டுடாதீங்கன்னாரு தரகர். வித்த பணத்துல கீழ்வீடு வாங்க முடியல."

"வேற யாரையாவது விசாரிச்சீங்களா ஐயா?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி சொன்னார். "நான் சொன்னேன். இன்னொரு ஆள்கிட்டக் கேளுங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். 'உனக்கு என்ன தெரியும்'னு என் மேல விழுந்தாரு."

டிரைவர் சிரிக்கப் பார்த்தார். "முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன் மேடம். ஒரு கீறல் கிடையாது. ஸ்டியரிங்கை விட்டுட்டுப் பேனாவைப் பிடிச்ச அன்னிக்கே ஆக்ஸிடென்ட் பண்ணிட்டேன்." சிரிப்பு பாதியில் நின்றது. "தப்பு என்னோடதுதான். கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எதுவும் வேணாம். அந்த ஆள் இன்னொருத்தருக்கு இப்படிப் பண்ணாம இருந்தா போதும். உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் ஒரு நம்பிக்கை."

அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டது அவர் மட்டுமா? அவருக்காவது அதைப் படித்துச் சொல்கிற வேலை கிடையாது. சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்யாமல் விட்டவள் எதிரில் உட்கார்ந்து, அவர் தன்னைத் தானே திட்டிக்கொள்வதை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள். 'தப்பு உங்களுடையது இல்லை ஐயா' என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

அடுத்த வாரம் தரகரின் பதில் வந்தது. அவருடைய வக்கீல் சுருக்கமாக எழுதியிருந்தார். உறவு விஷயத்தை என் கட்சிக்காரர் வாய்மொழியாகத் தெரிவித்திருந்தார். மேலும், இதே கோப்பைப் பத்திரப் பதிவுக்கு முன்பே தங்கள் வாரியத்தின் ஆய்வாளர் நேரில் பார்வையிட்டு, குறை இல்லை என்று சான்றளித்துள்ளார். அறிக்கை நகல் இணைப்பு.

அவள் போட்ட டிக் அந்தக் காகிதத்தில் பெரிதாக நகலெடுக்கப்பட்டு, சிவப்பு வட்டம் போடப்பட்டிருந்தது. பூப்போலப் பேசுகிற மனிதருக்கு அவளே கேடயம் செய்து கொடுத்திருக்கிறாள்.

துணை இயக்குநரின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"கதவைச் சாத்துங்க முதல்ல," என்றார். "இங்க பாருங்கம்மா. எட்டு மணி நேரத்துல இருபது கோப்பை யாராலயும் முழுசாப் பாக்க முடியாது. எல்லாரும் பண்றதுதான். கோப்பைப் பாத்தேன், அந்தப் படிவத்துல அப்போ 'உறவு இல்லை'ன்னு எழுதியிருந்துச்சு, பின்னால மாத்தியிருப்பாங்கன்னு சொல்லிடுங்க. அந்த ஆளும் மாட்டுவான், நீங்களும் தப்பிச்சிடுவீங்க."

"அது பொய் சார்."

"பொய்தான். திருடன் மேல இன்னொரு திருட்டைப் போடறதுல என்ன நஷ்டம்?"

அந்த யோசனை இனித்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே வந்தாள். தரகர் கெட்டவர்தானே? டிரைவருக்கு நியாயம் கிடைத்தால் சரிதானே? ஆனால் அப்படிச் சொன்னால், எல்லாம் தன் கையெழுத்தால் வந்தது என்று அந்த மனிதர் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார். அவர் மனைவியும் நினைப்பார்.

கணவன் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் துணியைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு நான்தானே நச்சரிச்சேன்."

"நீ கூப்பிட்டே. டிக் போட்டது நான்."

"வேலை போயிடுமா?"

"தெரியல."

அவன் சுவரைப் பார்த்தான். "இந்தக் கண்றாவி டைல்ஸை மாத்திடலாமா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

விசாரணை நாளன்று நீள மேசைக்குப் பின்னால் மூன்று உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் தரகரும் வக்கீலும். மறுபக்கம் டிரைவரும் அவர் மனைவியும். அவள் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்ததும், வக்கீல் அறிக்கையை உயர்த்திப் பிடித்தார்.

"பதினான்காம் எண்ணுக்கு நேரே உள்ள டிக் நீங்கள் போட்டதுதானே?"

"ஆமாம்."

"அப்படியென்றால் கோப்பைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று—"

"பார்க்கல."

வக்கீலுக்கே தூக்கிவாரிப் போட்டது. "என்ன?"

"அந்தக் கோப்பை நான் திறக்கவே இல்ல. பன்னெண்டு கோப்பைத்தான் பார்த்தேன். எனக்கு அன்னிக்கு ஒரு சொந்த வேலை இருந்துச்சு. மீதி எட்டுக்கும் பார்க்காமலே டிக் போட்டேன். அந்த டிக்குக்கு எந்த அர்த்தமும் கிடையாது. திறந்து பார்த்திருந்தா அவர் வீடு விலை போயிருக்காது. அதை நிறுத்த எனக்கு மூணு வாரம் இருந்துச்சு."

தரகர் முதல்முறையாக நாற்காலியில் அசைந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, டிரைவரைப் பார்த்தாள். அவருக்கு உடனே புரிந்ததாகத் தெரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது. கைத்தடியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. குனிந்து கணவரின் காதில் ஏதோ சொன்னார். டிரைவர் மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடைவேளையில் தாழ்வாரத்தில் அவர்கள் அவளைக் கடந்து போனார்கள். வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்' போட்ட மனிதர் அவள் பக்கம் திரும்பாமலே நடந்தார். அவள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள்.

தீர்ப்பு ஆறு வாரத்தில் வந்தது. தரகரின் உரிமம் ரத்து. மைத்துனருக்காகத் தன்னை நம்பிய வாடிக்கையாளரை ஏமாற்றினார் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். வாரியத்தின் இழப்பீட்டு நிதியிலிருந்து டிரைவருக்கு நஷ்டத்தில் ஒரு பகுதி. வீடு திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத குடும்பம் அதில் குடியிருக்கிறது. மீதி ஏழு கோப்புகளையும் வேறு ஆய்வாளர் திறந்து பார்த்தார், அவற்றில் குறையில்லை. அதைக் கேட்டபோது அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வீடுதான், அதுவும் இவர்களுடையதா என்றுதான் தோன்றியது.

அவளை ஆய்விலிருந்து எடுத்து உரிமம் புதுப்பிக்கிற கவுண்டரில் போட்டார்கள். ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. துணை இயக்குநர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவள் எதையும் எதிர்த்து எழுதவில்லை. தண்டனை கம்மி என்றே நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வாடகை வீட்டுக்குப் போனாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மணியடித்துவிட்டு, வந்த வழியே ஓடிவிடலாமா என்று இருந்தது. மனைவிதான் திறந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்மா. அன்னிக்கு அங்க எல்லார் முன்னாடியும் கேக்க முடியல."

அந்த அம்மாள் கைத்தடியை வாசற்படியில் ஊன்றிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "ரெண்டு வருஷமா இவரை நான் திட்டாத நாள் இல்ல. சோத்தைப் போடும்போதுகூடத் திட்டித்தான் போட்டேன். நீங்க ஒரு பக்கம் புரட்டியிருந்தா அந்த ரெண்டு வருஷம் எங்களுக்கு வேற மாதிரி போயிருக்கும். வீட்டைக்கூட விடுங்க. அதை யாரு குடுப்பா?"

"யாராலயும் முடியாதும்மா."

உள்ளேயிருந்து டிரைவர் வந்து மனைவியின் பின்னால் நின்றார். மேல்பொத்தான் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அதைப் போடக் கை போகவில்லை.

"கோவம் போகல," என்றார். 'மேடம்' இல்லை. "ஆனா நீங்க சும்மா இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. அதையும் யோசிச்சேன். கூட்டிக் கழிச்சுப் பாத்தேன், சரிக்குச் சரி வரல."

"வராதுங்க ஐயா."

"கீழ்வீடு ஒண்ணு பாத்திருக்கோம். சின்னது. ஒப்பந்தம் வந்திருக்கு. உங்ககிட்ட ஒரு தடவை காட்டலாமான்னு இவகிட்டக் கேட்டேன்."

"நான் வேணாம்னுட்டேன்," என்றார் மனைவி. "நானே படிச்சேன். மூணு தடவை. புரியாததைக் கோடு போட்டுக் கேட்டனுப்பியிருக்கேன்."

அவள் தலையசைத்தாள். 'நல்ல வேலை செய்தீர்கள்' என்று பாராட்டத் தனக்கு என்ன தகுதி என்று தோன்றவே, வாயை மூடிக்கொண்டாள். கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

தெருமுனைக்கு வந்ததும் கணவன் போனில் கூப்பிட்டான்.

"என்ன சொன்னாங்க?"

"உள்ள கூப்பிடல."

"மன்னிச்சிட்டாங்களா?"

"இல்ல."

"சரி, வா," என்றான் அவன். அவள் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள்.