மேஸ்திரி நெமேசியோவின் இடது கீழறை

நாங்கள் கோக்கா இலை மெல்வதற்காக உட்காரும் நேரத்தைப் பாதியாக வெட்டியவன் மேஸ்திரி நெமேசியோ. பொலிவியாவில் ஓருரோ பக்கத்து வெள்ளீயச் சுரங்கங்களில், பசியும் களைப்பும் தெரியாமலிருக்க இலை மெல்லாமல் எவனும் இறங்கமாட்டான். நெமேசியோவுக்கு அது சோம்பேறிகளின் வேலை.

அவனுக்கு ஏணியில் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. வருடாந்தரப் பரிசோதனையில் தேறாவிட்டால் மேஸ்திரி வேலை போய்விடும். எனக்கும் அன்றுதான் பரிசோதனை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவன் படுத்திருக்க, இந்தப் பக்கம் நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்க இதயம் ரத்தத்தைப் பிழியறதுல ஒரு குறையும் இல்ல," என்றாள் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா. "பிழிஞ்சதும் தளரணும். முறுக்கின துணி பிரியற மாதிரி இடது கீழறை சட்டுனு பிரிஞ்சு, மேலறை ரத்தத்தை உறிஞ்சிக்கணும். உங்களுது வெறைச்சுக்கிட்டு நிக்குது. ஏணி ஏறறப்ப அது ரொம்பறதுக்கு நேரம் போதல, ரத்தம் நுரையீரல்ல தேங்குது."

"பிழியறது நல்லா இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா கீழ இறங்காதீங்க."

"தளர்றதெல்லாம் இலை மெல்ற பயலுகளுக்குச் சொல்லுங்கம்மா. என் நெஞ்சு வேலை செய்யுற நெஞ்சு."

சுரங்க டாக்டர் அவனுக்கும் மேல். ஸ்கேன் தாளில் பிழியும் கணக்கு ஒன்றைத்தான் அவருக்குப் படிக்கத் தெரியும். படித்தார், 'தகுதி' என்று முத்திரை குத்தினார். நெமேசியோ அந்தத் தாளை எல்லோர் மூக்குக்கு முன்னாலும் ஆட்டிக்கொண்டு திரிந்தான்.

அந்த வாரமே, வேலை முடிந்து மேலேறும்போது, "ஏறுங்கடா பொம்பளைங்களா" என்று எங்களை முந்தினான். நடு ஏணியில் நின்றுவிட்டான். உதடு நீலம் பூத்திருந்தது. கை மட்டும் கம்பியை விடவில்லை. பிழிவதில்தான் கெட்டிக்காரனாயிற்றே.

"என்ன மேஸ்திரி, சோம்பேறித்தனமா?" என்றான் அவனுக்குக் கீழே நின்ற எங்கள் கூட்டாளி அன்செல்மோ.

மேஸ்திரி கம்பியில் நெற்றியைச் சாய்த்தான். நாங்கள் சிலர் அவனைத் தாண்டி ஏறி, இடுப்பில் கயிறு கட்டி, நிமிர்த்தியபடியே மேலே இழுத்தோம். ஏணிகளுக்கு இடையே நிற்க இருந்த ஒவ்வொரு தட்டிலும் அவனே கையைத் தூக்கினான், நிறுத்தச் சொல்லி. நிறுத்தினோம். அவன் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவிக்க, நாங்கள் இலைப் பையைப் பிரித்தோம். அவன் கண்ணெதிரே, கடைவாய் நிறைய.

"போதுமா மேஸ்திரி, கிளம்பலாமா?"

தலையை ஆட்டினான், இன்னும் கொஞ்சம் என்று.

இப்போது அவன் மேலே விளக்கறையில், சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிறான். உட்கார நாற்காலி உண்டு. எங்கள் இலை நேரம் பழையபடி முழுதாகிவிட்டது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.