பாதிக் கிராப்பு

"ஆட்டு முடியும் முடிதானே அத்தை, நானே வெட்டிடறேன்" என்று சலூன்காரர் சொன்னபோது அவர் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. விழுங்கிவிட்டு ஒரு நிமிடம் யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

மாமியார் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் ஒன்பது செம்மறியாடுகள். வருடா வருடம் ரோமம் வெட்ட வருகிறவர் இந்த முறை மகள் வீட்டோடு போய்விட்டார். வெயிலோ ஏறிக்கொண்டே இருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆடுகள் இரைக்க இரைக்க நிற்பதைப் பார்க்கவே மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்தே மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையில் மரியாதை ஒரு படி கூடுதல். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்ததே கிடையாது. "மாப்பிள்ளை சொன்னா சரி" என்றார் மாமியார். உள்ளே சலூன்காரரின் மனைவி களுக்கென்று சிரித்தது மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் இருவரும் இரும்புச் சாமான் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் நாலைந்து ஆட்டுக் கத்தரிகளை மேஜைமேல் பரப்பினாள். ஒன்றிலும் விரல் நுழைக்க வளையம் இல்லை. ஒரே எஃகுப் பட்டையை இடுக்கிபோல வளைத்து, இரண்டு முனையிலும் அலகு வைத்திருந்தார்கள். பிடித்து அமுக்கினால் மூடும், விட்டால் தானே விரியும். சலூன்காரரின் கட்டைவிரல் பழக்கத்தில் வளையத்தைத் தேடி, கிடைக்காமல் திரும்பியது. அதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இருப்பதிலேயே நீளமாக, பளபளவென்று இருந்த ஒன்றைக் கெத்தாக எடுத்தார்.

மாமியார் அதை வாங்கி ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். "கொஞ்சம் விறைப்பா இருக்கோ?"

"விறைப்பா இருந்தாத்தான் நல்லா வெட்டும் அத்தை."

"மாப்பிள்ளை சொன்னா சரி."

அன்று சாயங்காலம் மாமியார் ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்து உட்கார வைத்து, அதன் முதுகைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டார். சலூன்காரர் கைப்பழக்கத்தில் அதன் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டினார். மாமியார் துண்டையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆரம்பம் என்னவோ அமர்க்களம்தான். ரோமம் போர்வை உரிவதுபோலக் கழன்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அலகு ஒட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு அமுக்கலும் கல்லைப் பிழிவதுபோல இருந்தது. அலகு நீளமாக இருந்ததால் நுனி எங்கே போகிறதென்றே தெரியவில்லை. தொடை மடிப்புக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் இடது கையால் தோலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார். சலூனில் என்றால் வாடிக்கையாளர் "ஆ" என்று கத்துவார், நிறுத்திக்கொள்ளலாம். இது பாட்டுக்கு எங்கோ பார்த்துக்கொண்டு அசை போடுகிறது.

வலது பக்கம் முடிந்தபோது அவர் விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. மாமியார் பிடியைத் தளர்த்தியதும் ஆடு எழுந்து நடந்தது. வலப்பக்கம் ஒட்டி உலர்ந்த ஆடு, இடப்பக்கம் மெத்தை. மற்ற ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயின. வாசற்படியில் நின்ற மனைவி விலா நோகச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, "அத்தை, நான் தப்பான கத்தரியை எடுத்துட்டேன்" என்றார் சலூன்காரர்.

"எனக்கும் கடையிலேயே தோணிச்சு மாப்பிள்ளை. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்."

"இனிமே சொல்லிடுங்க அத்தை. கஷ்டப்பட மாட்டேன்."

"அப்போ இன்னொண்ணும் கேட்கட்டுமா? ஆட்டுக்கு எதுக்குத் துண்டு?"

அவருக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

மறுநாள் அந்தப் பாதி ஆட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார்கள். "ஐயோ, உள்ள வேண்டாம்மா!" என்று பதறிய கடைக்காரப் பெண், ஆட்டின் கோலத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கத்தரிகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு நடைபாதைக்கே கொண்டுவந்தாள்.

மாமியார் ஆட்டை உட்கார வைத்தார். சலூன்காரர் ஒவ்வொரு கத்தரியாலும் ஒரு வரி வெட்டிப் பார்த்தார். முதலாவதில் வளைந்த பட்டை இளக்கம்தான், ஆனால் அலகுகள் ஒட்டி உரசாமல் ரோமத்தை நடுவில் மடித்துக்கொண்டன. "இது வெட்டலை, மெல்லுது. வைங்க கீழே" என்றார் மாமியார். அடுத்தது நன்றாக வெட்டியது, ஆனால் மூடும்போதெல்லாம் டக் டக்கென்று அடித்ததில் ஆடு மிரண்டு உதைத்தது. "சத்தமே ஆகாது மாப்பிள்ளை, வேற பாருங்க." மூன்றாவது சின்னது. அலகு குட்டை, நுனி மழுங்கல். இரண்டு பிடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டு இருந்ததால் சத்தமும் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கி, அமுக்கினால் உடனே இணங்கியது.

"எப்படி இருக்கு?" என்று மாமியார் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க அத்தை."

"கை உங்களோடது, நீங்க சொல்லுங்க."

"இதுதான்" என்றார் அவர்.

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். "அண்ணே, அப்படியே எனக்கும் ஒரு கிராப்பு!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். "ஆட்டுக்குப் பின்னாடி வரிசையில நில்லுங்க" என்றார் சலூன்காரர். ஆள் கூடினால் அவருக்குத் தனித் தெம்பு. மிச்சப் பக்கத்தையும் அங்கேயே முடித்தார். கடைக்காரப் பெண் விளக்குமாறு கொண்டுவந்தாள். பழைய கத்தரியை வேலிச் செடி நறுக்க வைத்துக்கொள்வதாக மாமியார் சொல்லிவிட்டார்.

மீதி ஆடுகளை அந்த வாரம் சாயங்காலங்களில் இரண்டிரண்டாக முடித்தார்கள். "இங்க மேடு தட்டுது மாப்பிள்ளை." "அது ஸ்டைல் அத்தை." "ஆட்டுக்கு என்ன ஸ்டைலு, எடுங்க அதை." ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு வாக்குவாதம். இத்தனை வருடம் இவர்கள் பேசாத பேச்செல்லாம் இப்போதுதான் கொட்டுகிறது என்று மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். ரோமம் மூட்டையில் ஏறியது. ஆடுகள் பாதி உடம்பாகி, குட்டிகள் மாதிரி கொட்டகையைச் சுற்றித் துள்ளின.

ரோமத்தின் பிசுக்கு ஊறி ஊறிச் சலூன்காரரின் கைகள் பட்டுபோல ஆகியிருந்தன. முகச்சவரத்துக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே, "என்ன க்ரீம் போடறீங்க, இவ்வளவு மிருதுவா இருக்கு?" என்று கேட்டார்.

"கடையில கிடைக்காதுங்க" என்றார் சலூன்காரர், வாயெல்லாம் பல்லாக. "எங்க அத்தை வீட்டுச் சரக்கு."