சம்பீராத் துறையில் சிறகு முளைத்தவர்கள்

வடக்கே எங்கோ பெய்த மழை வெள்ளமாகி மணலைக் கடந்து சம்பீராவுக்கு வந்து சேரும் ஜூன் மாதத்தில், ஊரின் கல்யாணமாகாத ஆண்களுக்கு முதுகில் நான்கு சிறகுகள் முளைக்கும். ஊசித்தும்பிக்கு இருப்பதைப் போன்ற, நீளமான கண்ணாடிச் சிறகுகள். சிலருக்கு அவற்றின் நடுவே அகலமான கறுப்புப் பட்டை ஓடும், சிலருக்கு ஒன்றும் இருக்காது. வெள்ளம் வடியும்போது உதிர்ந்துவிடும். முப்பது வயதைத் தாண்டியவனுக்கு முளைப்பதில்லை. சிறகில்லாதவனை எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால், அவன் அண்ணன்மாரின் மாட்டுப்பட்டியில் கன்றுகளோடு பேசிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான்.

தோணிகளின் ஓட்டை அடைக்கும் பாகிக்கு அந்த வருஷம் முப்பது. ஒரு சின்னப் புதிர் அவனுக்குப் பிடிபடவில்லை. போன வெள்ளத்தில் ஊரிலேயே பெரிய உடம்பும் அகலமான பட்டையும் கொண்ட ஒலெபிலேக்குக் கல்யாணம் ஆகவில்லை. குட்டையான, ஒரு சிறகு கிழிந்த திதீரோவுக்கு ஆகிவிட்டது. ஆனால் பெண்கள் முதலில் பார்ப்பது பட்டையைத்தான் என்று துறையில் எல்லோரும் சொன்னார்கள், பாகியும் கண்ணால் கண்டிருக்கிறான். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

"யோசிச்சது போதும் மருமகனே," என்றார் தாய்மாமன் மோதூசி. அவனுக்காகப் பெண் கேட்கப் போக வேண்டியவர் அவர்தான். பத்து வருஷமாக அதற்கென்று ஒரு கோட்டுச் சட்டையைத் தூசி தட்டி வைத்திருந்தார். "உன்னை விடு, என் கோட்டுக்கே கல்யாண வயசு தாண்டிருச்சு."

பாகியின் சிறகுகளில் பட்டையே இல்லை. எனவே அவன் கூடை முடையும் திமாகட்சோவின் வீட்டு முற்றத்தில், மரப்பட்டை வேகவைத்து ஆறப்போட்டிருந்த சாயப் பானைக்குள் சிறகுகளை முக்கி எடுத்தான். அருமையான பழுப்புப் பட்டை விழுந்தது. காலையில் இரண்டு பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். மதியத்துக்குள் சாயம் ஏறிய சிறகு வெயிலில் கொதித்தது, கனத்தது, பறக்கையில் திரும்ப மறுத்தது. அப்போது மீன்கழுகு வந்து அவனைத் தூக்கியது. அகலப் பட்டைக்காரர்களைத் தூக்கிக்கொண்டு போய், தோணியில் இரண்டு நாள் தூரத்திலுள்ள ஊரில் பத்திரமாக இறக்கிவிடுவது அந்தப் பறவையின் வழக்கம். வெட்கப்பட்டு அவர்கள் வெள்ளம் வடியும்வரை திரும்புவதில்லை. போன வருஷம் வெள்ளம் வந்த மூன்றாம் நாளே ஒலெபிலேயைக் கொண்டுபோனது. அது அவன் கெட்ட நேரம் என்றுதான் ஊர் நினைத்தது. பறவை எதைப் பார்த்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. பாகி சிறிய உடம்புக்காரன், நகங்களின் இடைவெளியில் நழுவித் தண்ணீரில் விழுந்தான்.

சாயம் கரைந்து ஓடுவதைத் திமாகட்சோ கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் பாகி, அது என் சாயம்."

"சிறகுக்கு நல்லா இல்லையா?"

"கூடைக்கு நல்லா இருந்திருக்கும். மிச்சத்தையும் நீயே எடுத்துட்டுப் போ. உன் முதுகு முங்குன பானை எனக்கு எதுக்கு?"

மிச்சச் சாயத்தைக் கொண்டு அவன் நாணலில் உட்கார்ந்திருந்த நிஜமான ஊசித்தும்பிகளுக்குப் புள்ளி வைத்தான். ஒன்றுக்கு இடது சிறகில் ஒரு புள்ளி, இன்னொன்றுக்கு வலதில் இரண்டு, இப்படி நாற்பது தும்பிகள், ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் தெரியும்படி. பிறகு தினமும் பார்த்தான். எந்த ஒரு நாளை எடுத்தாலும் பட்டைக்காரத் தும்பிகளுக்கே அதிக ஜோடி கிடைத்தது. ஆனால் தும்பி தின்னும் பஞ்சுருட்டான் குருவிகளுக்கும் அவைதான் முதலில் கண்ணில் பட்டன. நாலைந்து நாளில் அந்தத் தும்பிகள் இல்லை. பெரிய உடம்புக்காரத் தும்பிகள் வயிற்றை நிரப்பவே பாதி நாள் வெளியே போயின. மிகப் பொடியானவை குளிர் இரவுகளைத் தாங்கவில்லை. பட்டையில்லாத, நடுத்தரத்துக்குச் சற்றுச் சிறியவை மட்டும் மறுபடி மறுபடி அதே நாணலுக்கு வந்தன. ஒரு நாளில் அவற்றுக்கு வாய்ப்பு குறைவு, ஆனால் நாட்கள் நிறைய. ஆயுள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது அதிகம் ஜோடி சேர்ந்தவை அவைதான்.

கணக்கு முடிந்த மறுநாளிலிருந்து பாகி விடியும்போது துறைக்கு வந்து, பொழுது சாயும்வரை இருந்தான். ஒரு துண்டுக் கருவாடு அவனுக்குப் போதும். கழுகின் நிழல் விழுந்தால் அசையாமல் உட்கார்ந்தான், அது தாண்டிப் போயிற்று. சம்பீராவில் பெண்கள் துறைக்கு வர நாள் குறிப்பதில்லை. தன் வீட்டுச் சோளத்தை அடித்து முடித்தவள், தனக்குத் தோன்றிய நாளில், காலிக் கூடையோடு வருவாள். அதை யார் கையில் கொடுக்கிறாளோ அவனுடைய தாய்மாமன் மறுநாள் அவள் வீட்டுக்குப் போவார்.

திமாகட்சோ வந்தது வெள்ளத்தின் நாற்பத்து மூன்றாம் நாள். பட்டைக்காரர்களைக் கழுகு கொண்டுபோயிருந்தது. பெரிய உடம்புக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"வேற யாரும் இல்லையா?"

"நேத்து ரெண்டு பேர் இருந்தாங்க."

"நேத்து என் சோளம் முடியலை." அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பட்டை போட்டுக்கலையா இன்னைக்கு?"

"இல்லை."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இப்படியேதான் வருவேன்."

அவள் கூடையை நீட்டினாள். வெள்ளம் வடியத் தொடங்கியிருந்தது, கல்யாணத்தன்று காலை சிறகுகள் உதிர்ந்தன. பாகியின் மாமியார் ஊர் வழக்கப்படி அவற்றைப் பெருக்கி ஆற்றில் போட்டார். அடுத்த வெள்ளத்தில் புதிதாகச் சிறகு முளைத்தவர்கள் வந்து கேட்டபோது பாகி சொன்னது இவ்வளவுதான்: பட்டை அகலமானால் ஒரு நாளின் வாய்ப்பு கூடும், நாட்கள் குறையும். அவள் வருகிற நாளில் நீ துறையில் இருக்க வேண்டும்.