மூன்று பூட்டு கேட்

காலையில் பல் தேய்க்கும்போதே எனக்குக் கை பரபரத்தது. இன்று தீ ஒத்திகை. மூன்று அலுவலகங்களை ஒரே மேஜைக்கு இழுத்துவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருங்கிணைப்பாளர் என்று எனக்குப் பதவி. வேலை என்னவோ, முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகளுக்கு நடுவே தூது போவதுதான். வனத்துறை வரைபடத்தில் ஒத்திகை நடக்கும் சாலை காட்டோடு நின்றுவிடும். குடிநீர் வாரியத்தின் வரைபடத்தில் ஏரிக்கரையில் திடீரென்று முளைக்கும். நகராட்சி வரைபடத்திலோ அப்படி ஒரு சாலையே கிடையாது. மூன்றையும் தரையில் விரித்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, மண்டியிட்டு நான் பென்சிலால் கோடு இழுத்தபோது, அட, வழி இருக்கிறதே என்றார் வனத்துறை ரேஞ்சர் அம்மா. அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மலையடிவாரக் குடியிருப்பின் பின்பக்க வழி அது. அங்கேதான் என் அக்கா இருக்கிறாள். வெளியேற முன்பக்கச் சாலை ஒன்றுதான். போன கோடையில் அதைப் புகை அடைத்துக்கொண்டது. நடக்க முடியாத அத்தானைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அக்கா பின்பக்கக் காட்டுப் பாதையில் வந்தாள். வந்தால், கேட்டில் பூட்டு. காற்று திசை மாறியதால் பிழைத்தார்கள்.

அந்தப் பாதையை அவசர வழியாக அறிவிக்க மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவது நகராட்சித் தலைவருடையது. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பதால் எங்கள் அலுவலகத்தில் அவர் பெயரே பார்க்கலாம்தான். ஒத்திகை பிசகில்லாமல் முடிந்தால் போடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வருடம் என்று சொல்லியிருந்தார். அடுத்த வருடம் வரை தீ காத்திருக்குமா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்.

கேட்டுக்கு நான் செய்திருந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. சங்கிலியின் இரண்டு முனைகளுக்கு நடுவே மூன்று துறைகளின் பூட்டுகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்திருந்தோம். எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விழுந்துவிடும். யாரும் யாரிடமும் சாவி கேட்டு நிற்க வேண்டாம்.

சைரன் ஊதியது. நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றோம்: நான், ரேஞ்சர் அம்மா, வாரிய இன்ஜினியர், தலைவர், பக்கத்தில் தீயணைப்பு வண்டி. புழுதி தெரிந்தது. முதலில் அக்காவின் கார், பின்னால் பாதை நிறையக் கார்கள். ரேஞ்சர் அம்மா தன் பூட்டைத் திறந்தார். சங்கிலி அசையவில்லை. தலைவர் நகராட்சிச் சாவியைப் போட்டார். அந்தப் பூட்டும் சமர்த்தாகத் திறந்தது. சங்கிலி அப்படியே இருந்தது.

குனிந்து பார்த்தேன். பழைய பூட்டு துருப்பிடித்துவிட்டதென்று வாரியத்தில் யாரோ நேற்றுப் புதுப் பூட்டு மாட்டியிருக்கிறார்கள். மற்றவற்றோடு கோக்காமல், சங்கிலியின் இரண்டு முனைகளையும் சேர்த்து நேரே பூட்டிவிட்டார்கள். மற்ற இரண்டும் அழகுக்குத் தொங்கின.

வாரியத்துச் சாவி எங்கே என்று கேட்டேன். இன்ஜினியருக்கு முகம் வெளுத்தது.

"எடுத்துட்டு வரலைங்க. யார் சாவி இருந்தாலும் போதும்னு நீங்கதானே சொன்னீங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தீயணைப்பு வீரர் பெரிய கட்டரை எடுத்துவந்து வெட்டாமல் நின்றார். இன்னொரு துறையின் பூட்டை வெட்ட அனுமதி வேண்டுமாம். இன்ஜினியர் மேலதிகாரிக்குப் போன் போட்டார்; லைன் பிஸி. திரும்பப் போட்டார். உள்ளே ஹாரன் சத்தம் ஏறியது. பின்னால் கார் மேல் கார், திரும்பக்கூட இடமில்லை. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். என் உழைப்பெல்லாம் கண்ணெதிரே புகைந்து போயிற்று.

அக்கா காரைவிட்டு இறங்கிக் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. இன்ஜினியரிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அண்ணே, என் வீட்டுக்காரர் பின்சீட்ல இருக்கார். ஒத்திகைன்னா எழுந்திருக்கவே மாட்டார். அதனால அவர்கிட்ட நிஜத் தீன்னுதான் சொல்லியிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பி வழியாக நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அத்தான் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கண்ணை மூடியிருந்தார். தீயைக் கூட்டம் போட்டே அணைக்கிறவள் என்று என்னை வாய் ஓயாமல் கிண்டல் செய்கிற மனிதர், உதடு துடிக்க எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர் போனைச் சட்டைப் பையில் போட்டார். கட்டரை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் துறையின் புத்தம்புதுப் பூட்டைத் தானே வெட்டினார்.

"திட்டத்துல ஒரு வரி சேர்த்துக்கோங்க. தீ வந்தா யார் பூட்டையும் யாரும் வெட்டலாம். எங்களைக் கேட்க வேண்டாம்."

சங்கிலி கலகலவென்று விழுந்தது. ரேஞ்சர் அம்மா ஒரு பக்கக் கதவைத் தள்ள, நான் மறுபக்கத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். சந்தோஷத்தில் கத்தினேன் என்றுகூட நினைக்கிறேன். தலைவர் என் பின்னாலேயே வந்து பேனா கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை. திட்டக் கோப்பையும் பேனாவையும் அவர் கையில் திணித்தேன்.

அக்காவின் கார் கேட்டைத் தாண்டி என்னருகே வந்து மெதுவானது. பின்கண்ணாடி இறங்கியது. அத்தான் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னாலிருந்த காட்டைப் பார்த்தார். உள்ளங்கைகளை ஊன்றி, மடங்காத கால்களை இழுத்து இழுத்து நகர்ந்து, சீட்டில் ஓர் ஆள் உட்கார இடம் பண்ணினார்.

"இங்க ஏன் நிக்கிற? ஏறு குட்டி, சீக்கிரம்."

கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.