அத்தான் முறுக்கிய கம்பிகள்

அத்தானின் ராக் குழு இளமையில் போட்ட ஒரு பாட்டைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஏற்றபடி எழுதி முடிக்கக் கோல்காரனுக்கு ஒரு வருஷம் பிடித்தது. கையில் கோலோடு குழுவை நடத்துவதால் வாத்தியக்காரர்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் அது. எழுதியது அவன், நடத்துவதும் அவன். சுவரொட்டியில் ஆளுயரத்துக்கு நின்றதோ, கிட்டாரும் கையுமாக அக்காவின் புருஷன். கோல்காரனின் பெயரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும்.

"அவர் வாசிச்சதைக் கேட்டுத்தானேடா நீ எழுதுற?" என்று அக்கா வேறு சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்பாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அத்தான் மேடையேறி வெகுகாலம் ஆகிறது. பாட்டின் நடுவே வரும் கிட்டார் தனி வாசிப்பை இன்றைய ஒத்திகையில் ஒழுங்காக வாசித்துவிட்டால் கச்சேரிகளெல்லாம் அவருக்குத்தான். சொதப்பினால் அந்த வாசிப்பு முதல் வயலின் பெண்ணுக்குப் போய்விடும். அமைப்பாளர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அக்கா கீழே அவர் பக்கத்தில் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஓபோ என்னும் குழல் வாசிப்பவர் ஊத, எல்லோரும் சுருதி சேர்த்தார்கள். அத்தானின் கிட்டார் மட்டும் அரை ஸ்வரம் கீழே நின்றது. அதில் தப்பில்லை. தங்கள் பாடகனுக்குக் குரல் எட்டாததால் அந்தக் குழு கம்பிகளைத் தளர்த்தித்தான் பாட்டைப் பதிவு செய்தது. கோல்காரனும் அந்த இறங்கிய சுருதியிலேயே எழுதியிருந்தான். மற்றவர்கள் வாத்தியத்தை இறக்காமலே, தாளில் உள்ள ஸ்வரங்களைப் பார்த்து அந்தச் சுருதியில் வாசிப்பார்கள். தாள் வாசிக்கத் தெரியாத அத்தானுக்கு விரல் பழகிய இடம்தான் கதி; கம்பியை ஏற்றினால் அவர் வாசிப்பு மட்டும் தனியே ஏறிவிடும்.

வயலின் பெண் திரும்பி முகம் சுளித்தாள். அத்தான் கோல்காரன் பக்கம் குனிந்தார்.

"பாட்டை மேல ஏத்தி எழுதிட்டியா மாப்ள? நானும் கம்பிய ஏத்தணுமா?" என்று கோல்காரனின் காதோடு கேட்டார்.

"ஆமா அத்தான், எல்லாரோடயும் சேத்துக்கங்க."

பாவி, கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அத்தான் அவசர அவசரமாகக் கம்பிகளை முறுக்கினார். கோல் உயர்ந்தது.

தனி வாசிப்பின் முதல் ஸ்வரமே ஊர் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் என்று போனது. அத்தான் பதறி, நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். கோல்காரன் கண்ணை மூடிக்கொண்டு நடத்தினான். பின்வரிசையில் சிரித்தார்கள். அவன் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாகக் கோல் பிடித்ததில்லை.

அமைப்பாளர் வயலின் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எழுந்து போனார்.

"கம்பிதான் கோளாறு. இன்னொரு தடவ வாசிக்கிறேன்," என்று அத்தான் மேடையிலிருந்து இறங்கி அக்காவிடம் ஓடி வந்தார். பின்னாலேயே கோல்காரனும் வந்தான். "மாப்ள, நீ சொல்லு. உன்னைக் கேட்டுட்டுத்தானே ஏத்தினேன்?"

"என்னையா? எப்போ அத்தான்?"

"இப்பத்தானே மாப்ள, உன் காதோட கேட்டேன்!"

"போதும், நிறுத்துங்க," என்றாள் அக்கா. "வாசிக்க வரலைன்னா வரலைன்னு ஒத்துக்கங்க. பழிபோட என் தம்பிதான் கெடச்சானா?"

"விடுக்கா. அவருக்கும் வயசாயிடுச்சுல்ல."

அத்தான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பெண்டாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்து, "சாப்ட்டியாடா?" என்று கேட்டாள்.