மாமி கொடுத்த குளிசை

யசோதினி மருந்துக்கடையில் நிற்பவள். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த காலத்தில், அந்திரானிலிக் அமிலத்தின் வழிவந்த மெபனமிக் அமிலத்தைச் செப்புத்தூள் போட்டுக் கொதிக்கவைத்துத் தன் கையாலேயே ஆக்கியவள். மாதவிலக்கு வலிக்கு அவள் விழுங்குவதும் அதே மருந்துதான். இவ்வளவு தெரிந்தவள், குளிசை அட்டையைப் பூட்டி வைக்காமல் வேலைக்குப் போனாள். கெடுகாலம் வந்தால் படிப்பும் கைகொடுக்காது.

செட்டிபாளையத்தில் அப்போது வீட்டுக்கு வீடு டெங்கு. வாவியில் இறால் பிடிக்கும் அவள் புருசன் ஜெயரூபனுக்கும் அதே காய்ச்சல், மூன்றாம் நாள். எலும்பெல்லாம் நோகுதென்று பாயில் கிடந்து முனகினான். பனடோல் மட்டும் கொடுத்து, நாளைக்கு மறுபடி இரத்தம் பார்க்கக் கூட்டிவரச் சொல்லியிருந்தார் டொக்டர்.

மட்டக்களப்பில் கலியாணம் கட்டினால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போகவேண்டும். அதனால் பெற்ற மகனுக்குப் பணிவிடை செய்யவும் மங்கையற்கரசி மருமகள் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்தாள். அந்தப் புழுக்கம் அவளுக்குள் ஏற்கெனவே கிடந்தது.

"நீ வலிக்குப் போடுற குளிசையில ஒண்டக் குடுவன் கா."

"டெங்குக்கு அது கூடாது மாமி. உள்ளுக்க இரத்தம் போகும்."

"உனக்குக் கூடும், எண்ட புள்ளைக்குக் கூடாதோ?"

யசோதினி கடைக்குப் போனதும் மாமி அலுமாரியைத் திறந்தாள். இரண்டு குளிசை கொடுத்தாள். வலி நின்றது, காய்ச்சலும் விட்டது. ஜெயரூபன் எழும்பியிருந்து கஞ்சி குடித்தான். பெற்ற வயிறு குளிர்ந்தது.

பின்னேரம் யசோதினி வந்து தொட்டுப் பார்த்தாள். கைகால் சில்லிட்டிருந்தன, பல்முரசில் இரத்தம். டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் பொல்லாத நேரம் என்று அவளுக்குத் தெரியும். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"வேற வலிக்குளிசை ஏதும் குடுத்தீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்ல டொக்டர். எனக்குத் தெரியாதா?" என்றாள் யசோதினி. பக்கத்தில் நின்று கேட்ட மாமி, மகனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

மறுநாள் இரத்த வாந்தி எடுத்து அவன் செத்துப்போனான்.

செத்தவீட்டில் மாமி மார்பில் அடித்து அழுதாள். "ரெண்டு குளிசையில எழும்பியிருந்தானே எண்ட ராசா. மிச்சத்தையும் குடுத்திருந்தாத் தப்பியிருப்பான். இவள் தனக்கெண்டு வச்சுக்கொண்டாளே."

பெண்கள் எல்லாரும் யசோதினியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எழும்பிப் போய் மாமிக்குப் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குளிசை டெங்கு இரத்தத்தை எப்படி உறையவிடாமல் செய்யும், வயிற்றை எப்படிப் புண்ணாக்கும் என்று, சின்னப்பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் ஆறுதலாகச் சொன்னாள். "நீங்கதான் மாமி அவரக் கொன்றது."

ஒப்பாரி நின்றுபோனது. மாமி கையை இழுத்தாள். யசோதினி விடவில்லை. முதலில் இருந்து இன்னொரு தடவை சொன்னாள்.