மண்ணான வெல்டர்

வெல்டர் மண்ணாய்ப் போனபோது தள்ளுவண்டிக் கணக்கில் பதினோரு வண்டி தேறினார். கல்லில்லாத, கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிர்கிற மண். அந்த இடத்தில் அதற்கு முன் அப்படியொரு மண் இருந்ததில்லை.

மரங்களுக்கு நடுவே இருந்த அந்த வீட்டுக்கு அவர் குடிவந்ததே மகளுக்காகத்தான். ஆறு வயது, வலிப்பு, சத்தம் ஆகாது. வந்த பிறகுதான் தெரிந்தது, அவள் விழுகிற இடமெல்லாம் வேரும் கல்லும். உள்ளே அடைத்து வைத்தால் அழுதழுதே விழுந்தாள். ஆகவே வாசலில் மெத்தை மாதிரி புல் வளர்ப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்வது சுலபம். முதல் குத்திலேயே கடப்பாரை வளைந்தது. பொறுக்கி எறிந்த கற்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தன. அடையாளத்துக்குச் சிவப்பு பெயின்ட் அடித்துப் பார்த்தார், சிவப்பாகவே வந்தன. சருகு மக்கி மண் புளித்துவிட்டது என்று நர்சரிக்காரர் சொல்ல, சுண்ணாம்பு தூவினார். வெயில் விழக் கிளைகளைக் கழித்தார். மணலும் எருவும் கலந்து வருஷத்துக்கு ஒரு முறையாக மூன்று முறை விதைத்தார். மூன்று முறையும் புல் விரல் உயரம் வந்து, மஞ்சளாகிப் படுத்துவிட்டது. ஊற்றிய தண்ணீரெல்லாம் மரவேருக்குத்தான் போனது.

மூன்றாவது விதைப்பு செத்த அன்று மகளுக்கு நெற்றி பிளந்து ஒன்பது தையல். துண்டிலிருந்த ரத்தத்தை அலசிக்கொண்டே மனைவி கத்தினாள்: “நீங்களும் உங்க புல்லும் மண்ணாப் போக!”

வேறு யாராவது என்றால் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். வெல்டர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற ஆள். ‘ஒரு நிமிஷம் இருங்க’ என்றால் அறுபது எண்ணிவிட்டுத்தான் நகருவார். “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே,” என்றார்.

குதிகாலில் ஆரம்பித்தது. செருப்பில் ஒட்டி வந்த மண் என்று மனைவி இரண்டு நாள் பெருக்கித் தள்ளினாள். விஷயம் புரிந்ததும், “வாய் தவறி வந்துடுச்சுங்க, வேணாங்க,” என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். கால் அவள் கையோடு வந்துவிட்டது.

“அழாத. நல்ல மண்ணு, வீணாக்காம கொண்டுபோய்க் கொட்டு.”

மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். இடுப்பு வரை உதிர்ந்த பிறகும் தன் கையாலேயே வாரி வண்டியில் போட்டார்; தள்ளியது அவள். கடைசியில் வாய் மட்டும் மிஞ்சியது. விதையை ஆழமாகப் புதைக்காதே, மேலாகத் தூவு என்று சொல்லிவிட்டு அதுவும் உதிர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் புல் முளைத்தது. கற்கள் திரும்பி வரவில்லை, வேர்கள் ஒதுங்கிக்கொண்டன. அதற்குப் பிறகு மகள் அங்கே எத்தனையோ முறை விழுந்தாள். ஒரு கீறல் கிடையாது. மனைவி யாரையும் திட்டுவதை விட்டாள். புல் வெட்டுகிற நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

பெரிய பள்ளிக்கூடத்தில் சேர அப்பா கையெழுத்து கேட்டார்கள். மகள் படிவத்தைப் புல்லின் மேல் கவிழ்த்து வைத்து அழுத்தினாள். பெருவிரல் அளவுக்கு மண்கறை விழுந்தது.

“அப்பா கைநாட்டா?” என்று கேட்டார் குமாஸ்தா.

“ஆமா சார்.”

அவர் முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார்.